வார்டுக்குப் போகும்முன்

அன்புள்ள செல்வின்,

ஸ்தோத்திரம். சபையில் படிப்பு விடுப்பு கொடுத்துவிட்டார்கள் என்று வாசித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மேய்ப்புப்பணி ஆலோசனை, அதாவது நோயிலும் துக்கத்திலும் இருப்பவர்களைப் போதகராகச் சந்தித்துத் துணைநிற்கும் பணி, அதைப் படிக்க எந்தக் கல்லூரி என்று கேட்டிருந்தாய். இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) இரண்டு வருடம், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் (யு.டி.சி.) படிக்கலாம். எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் இதைக் கேள்: நோயாளிகளோடு எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில்?

சி.பி.இ. பயிற்சியைத்தான் சொல்கிறேன், மருத்துவமனையில் மேற்பார்வையோடு நோயாளிகளைச் சந்தித்துக் கற்கும் மேய்ப்புப்பணிப் பயிற்சி. 1925-இல் அமெரிக்காவில் வுஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை வார்டுக்குள் கூட்டிப்போனார். அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். இன்று அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் ஒரு யூனிட் (ஒரு கட்டம்) 400 மணி நேரம். அதில் குறைந்தது 100 மணி குழுவிலும் மேற்பார்வையாளரோடும் உட்கார்ந்து படிப்பது. வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பயிற்சி உண்டு.

படிப்பின் உயிர் வெர்பேட்டிம்தான். ஒரு சந்திப்பில் நீயும் நோயாளியும் பேசியதை நினைவிலிருந்து வரிவரியாக எழுதவேண்டும். படுக்கையருகே குறிப்பெடுக்கவோ செல்போனில் பதிவுசெய்யவோ கூடாது. அன்றைக்கே எழுதிவிடு, மறுநாள் பாதி மறந்துபோகும். பெயரை மாற்று. போவதற்கு முன் உனக்குத் தெரிந்திருந்தது, உள்ளே போனதும் கண்ணில் பட்டது, அப்புறம் உரையாடல்: நோயாளிக்கு 'நோ', போதகரான உனக்கு 'போ' என்று வைத்து, நோ1, போ1, நோ2 என்று எண் போட்டு. மௌனம், அழுகை, வாசலைப் பார்த்தது எல்லாம் அடைப்புக்குறியில் வரவேண்டும். கடைசியில் எந்த வரியில் உனக்கு என்ன உணர்ச்சி வந்தது, அவருடைய கடவுள் எப்படிப்பட்டவர், அடுத்த முறை என்ன செய்வாய் என்று எழுது.

பெரும்பாலோர் தங்கள் வரிகளை அழகுபடுத்தி எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் குழுவுக்குத் திருத்த ஒன்றும் இருக்காது. இன்னொன்று, நம் ஊர் போதகர்களுக்கே உள்ள பழக்கம். நோ7-இல் அவர் "எனக்கு ஏன் ஐயா இது?" என்று கேட்பார், போ7-இல் "ஜெபிப்போமா?" என்று இருக்கும். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் ஜெபத்துக்குள் ஓடுகிறோம். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லும் ரோமர் 8:28 வசனத்தை அந்த இடத்தில் சொல்வதும் அதே ஓட்டம்தான். "என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திரு. ஜெபிக்கும்போது அவர் சொன்ன வார்த்தைகளையே எடுத்து ஜெபி. குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதே. நடக்காவிட்டால் தன் விசுவாசம் போதவில்லை என்று அவர் தன்னையே குற்றப்படுத்திக்கொள்வார்.

ரகசியம் பற்றியும் சொல்லவேண்டும். வார்டில் கேட்டதை ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்பாகச் சொன்னால் அந்தக் குடும்பம் அப்புறம் யாரிடமும் வாய் திறக்காது. ஆனால் சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் வார்டு சிஸ்டரிடமும் டாக்டரிடமும் உடனே சொல்லியே ஆகவேண்டும். மருத்துவமனைக்கு வெளியே என்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது போதகருக்கும் கடமை. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே யாருக்கும் சத்தியம் பண்ணாதே.

வெர்பேட்டிம்களை எனக்குக்கூட அனுப்பாதே, அவை குழுவுக்கு மட்டும். சேரும் தேதி தெரிந்ததும் எழுது. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஜெபராஜ்