உறங்கும் ஊர் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான செட்டிநாட்டுப் பயணக் கட்டுரை, 'பெரிய வீடுகளைப் பார்த்து முடித்தால் இந்த ஊர்களில் வேறொன்றுமில்லை, காலமே இங்கு உறங்கிவிட்டது' என்று முடிந்திருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் தந்தையார் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்த்தவர். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது வரை எல்லாமே கைவேலை, சூளையில் சுடுவதில்லை. அந்தப் பட்டறைகளில் இன்றும் விடிந்ததும் வேலை தொடங்குகிறது. அப்படி வார்த்த தரையின் படத்துக்குக் கீழே 'இத்தாலியத் தரை' என்று தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். இத்தாலியப் பளிங்கும் பர்மாத் தேக்கும் கப்பலில் வந்தவை என்பது உண்மையே. ஆனால் படத்தில் இருப்பது எங்கள் ஊர்க் கல். அதைப் பார்த்தபோது என் தந்தையாரின் சிமெண்டு தின்ற விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

பூட்டிய வீடுகளைக் கைவிடப்பட்டவை என்று எழுதுவதும் புதிதல்ல. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு உண்டு என்பதும், பிழைப்புக்காகச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் வந்து அதே வளவில் கூடுகிறார்கள் என்பதும் தாங்கள் அறியாததல்ல. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் இடம்பெற்றபோது பெருமைப்பட்டோம். ஆனால் பராமரிக்க முடியாமல் பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. மழைநீர் வழிந்து சேரும்படி எங்கள் முன்னோர் அமைத்த ஊருணிகளில், வந்து போகிறவர்கள் எறிந்த தண்ணீர்ப் புட்டிகள் மிதக்கின்றன.

போன தை மாதம் எங்கள் தெருவில், கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நான்கு பேர் கேட்காமல் உள்ளே நுழைந்து, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மதியம் படுத்திருந்த எண்பது வயது ஆச்சியைப் படம் எடுத்துவிட்டார்கள். ஆச்சி கோபப்படவில்லை, எழுந்து அவர்களுக்கு மோர் கொடுத்தார். அன்று மாலை முதல் அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. ஆளில்லாத ஊர் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

அடுத்த இதழில் அந்தப் படத்தின் குறிப்பை 'ஆத்தங்குடிக் கல்' என்று திருத்தி, வீடுகளுக்குள் அனுமதி கேட்டுச் செல்லுமாறு ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்