74ஆவது கேள்வி

அன்பு மகளுக்கு,

மூன்று வாரமாக உன் குரல் சரியில்லை. "வேலை அதிகம் அப்பா" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறாய். தமிழில் எழுதினால் நிதானமாக வாசிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நடத்தும் பாடத்துக்கெல்லாம் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள். பள்ளியில் யார் எது சொன்னாலும் எழுத்தில் கேட்டு வாங்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று.

தம்பி ஏதோ சொன்னான். முழுதாகச் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1861 பிப்ரவரி 2 தேதியிட்ட அறிக்கையை வாசிக்கக் கொடுத்தாயாமே. தேடி எடுத்து நானும் வாசித்தேன். அமெரிக்க ஒன்றியத்தை விட்டு ஏன் பிரிகிறோம் என்று டெக்சாஸ் மாநிலம் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறது. அடிமை முறையைக் காப்பதற்குத்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதில் நீயாகச் சேர்த்தது ஒரு சொல்கூட இல்லை. அதையடுத்து வந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமை முறையின் பரவலே மையக் காரணம் என்று மாநிலக் கல்வி வாரியமே 2018இல் பாடத்திட்டத்தைத் திருத்தியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள். இனம், அடிமை முறை பற்றி வகுப்பில் எப்படிப் பாடம் நடத்தலாம் என்று 2021இல் டெக்சாஸில் வந்த சட்டத்தையும் வரி வரியாகப் படித்துவை. நகல் எடுக்க மறக்காதே.

இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் இந்தப் பாடம் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நிரந்தர வேலை, வீட்டுக் கடன், கையில் குழந்தை. பெரியத்தைக்கு நடந்தது உனக்குத் தெரியாதா? கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் பதில் பேசாமல் உன் பழைய பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

2009 நினைவிருக்கிறதா? குடியுரிமைத் தேர்வுக்கு நான் 100 கேள்விகளை மனப்பாடம் செய்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீதான் கேள்வி கேட்பாய். 74ஆவது கேள்வி, உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்பது. அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள், மூன்றில் எதைச் சொன்னாலும் சரி. "அடிமை முறை என்று சொல்லுங்கள் அப்பா" என்றாய். தேர்வு நாளில் அதிகாரி அந்தக் கேள்வியையே கேட்டார். நான் "பொருளாதாரக் காரணங்கள்" என்றேன். எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவரோ, எதற்கு வம்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நீ கேட்டபோது, அந்தக் கேள்வி வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியில் உன் எட்டாம் வகுப்புக் கட்டுரை இருந்தது. உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்பது தலைப்பு. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். அப்பா நன்றாகப் படித்தார், கடுமையாக உழைத்தார், வந்தார். அவ்வளவுதான். 1923இல், பகத் சிங் திந்த் என்ற இந்தியர் குடியுரிமை கேட்ட வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் கதவைத் திறந்தபோதும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் இடம். நாடு பார்த்து ஆள் எடுக்கும் அந்த முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய், 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தைப் பெற்ற காற்றில்தான் அதுவும் வந்தது. எல்லாவற்றையும் நான் அறிந்திருக்கவில்லை, ஆனால் கொஞ்சம் அறிந்திருந்தேன். உன்னை எழுதவிடவில்லை. பிறர் பட்ட பாட்டை மறைத்து என் உழைப்பை மட்டும் உன் கையால் எழுத வைத்தேன். ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டிருக்கிறார். அந்தச் சிவப்பு மையைப் பார்க்க முடியவில்லை, அம்மா.

நீ வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோது ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதற்கும் மன்னித்துவிடு. இப்போது கேட்பவர்களிடம் எல்லாம் என் மகள் வரலாற்று ஆசிரியை என்றுதான் சொல்கிறேன்.

நகல்கள் பத்திரம். இரவு தூங்கு. மாப்பிள்ளையிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள் அம்மா.

அடுத்த வாரம் உங்கள் ஊரில் பள்ளி வாரியக் கூட்டம் இருக்கிறது என்று தம்பி சொன்னான். இந்த நாட்டில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஐந்து மணி நேரம்தான், காரில் வந்துவிடுவேன். பேசக் கூடாது என்றால் பேசமாட்டேன், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வரட்டுமா என்று மட்டும் சொல்.

அப்பா