தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பி,

நலமா? இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போன சனிக்கிழமையோடு உங்கள் அமெரிக்க ஃபுட்பால் சீசன் முடிந்துவிட்டது. இனி பேஸ்பால் தொடங்கும்வரை கல்லூரி அணிக்குப் பையன்களைத் தேடி ஊர் ஊராக அலைவாய். அதனால்தான் எழுதுகிறேன். பென்சில்வேனியாவில் நவம்பர் மாதம் மான்கள் சாலைக்கு வரும் காலம். இருட்டிய பிறகு கார் ஓட்டாதே. ஒன்று குறுக்கே போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். வண்டியைச் சட்டென்று திருப்பாதே, பிரேக்கைப் பிடி.

உங்கள் தலைமைப் பயிற்சியாளர் கல்லூரியை விட்டுப் போகிறாராம், அத்தை சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அங்கே வழக்கம் என்பது எனக்கும் தெரியும். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். சித்தப்பா செய்த மாதிரி மட்டும் செய்துவிடாதே. அம்மா அதை இன்னொரு முறை தாங்கமாட்டாள்.

நீ கோச் ஆகிறேன் என்று பார்மசி படிப்பை விட்ட பிறகுதான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் உன்னைப் போலவே ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் பயிற்சி கொடுத்தவர். 70 வயதாகிவிட்டது என்று சிகாகோ பல்கலைக்கழகம் 1932 சீசனோடு அவரை அனுப்பிவிட்டது. 40 ஆண்டு வேலை பார்த்த இடம். மனிதர் கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போய் இன்னும் 14 சீசன் நடத்தினார். அதன் பிறகு 1947ல், உங்கள் பென்சில்வேனியாவிலேயே சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். உங்கள் கல்லூரி ஆடுகிற மூன்றாம் டிவிஷனின் ஃபுட்பால் இறுதிப்போட்டிக்கே அவர் பெயர்தான். எடி ராபின்சன் என்ற இன்னொரு ஃபுட்பால் கோச் 1941ல் லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரிக்கு வந்தபோது முதல் சீசனில் 3 வெற்றி, 5 தோல்வி. 1997ல் ஓய்வு பெறும்போது 408 வெற்றி. கறுப்பினப் பையன்களுக்கு வழியில் உணவகங்கள் சாப்பாடு தராத காலம், அவரே சாண்ட்விச் செய்து எடுத்துப் போனாராம். முதல் சீசனைப் பார்த்து யாரும் அவரை அனுப்பிவிடவில்லை.

ஏப்ரலில் மழை விட்டதும் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்தோமே, நினைவிருக்கிறதா? ஹோம் பிளேட் பக்கத்தில், மட்டை பிடிப்பவர்கள் கால் ஊன்றி ஊன்றிக் குழியான இடத்தில் நீ மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாய். தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துப் பிழிந்துவிட்டு, களிமண் போட்டு இடித்து இறுக்கினாய். உதவிக்கு வந்த பையனைப் போய் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொன்னாய். அன்றைக்குப் பந்து வீசப் போகிறவன் அவன்தான் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய அம்மா என்னைத் தேடி வந்து, கணக்கில் அவன் தோற்றிருந்தபோது இரவு வெகுநேரம் நூலகத்தில் நீ கூடவே உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை. நீ எங்களிடம் அதைச் சொல்லவே இல்லையே. நல்லதையும் சொல்வதில்லை, மற்றதையும் சொல்வதில்லை.

உங்கள் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பையன்கள் பணம் கட்டித்தான் படிக்கிறார்கள், அந்தப் பணத்தில்தான் கல்லூரி ஓடுகிறது. அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பவன் நீ. கோடையிலும் மழையிலும் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவனும் நீ. இரண்டு விளையாட்டுக்கும் சேர்த்து உனக்குக் கொடுப்பது ஒரே சம்பளம், அதுவும் வாடகைக்கே சரியாகப் போகிறது. எனக்கு அது வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

அப்புறம் ஒன்று, பொதுவாகச் சொல்கிறேன். வேலை மாறுகிறவர்கள் பழைய மருத்துவக் காப்பீட்டைக் கோப்ரா என்கிற சட்டத்தின் மூலம் தொடர விரும்பினால் 60 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் மாதப் பணம் நிறைய இருக்கும். அதை நான் கட்டிவிடுகிறேன். ஒருநாள்கூடக் காப்பீடு இல்லாமல் அந்தச் சாலைகளில் கார் ஓட்டாதே. இரவில் ஓட்டவே ஓட்டாதே.

தேங்க்ஸ்கிவிங்குக்குப் புதன்கிழமை பகலிலேயே கிளம்பு. உடுப்பு எல்லாவற்றையும் எடுத்து வந்தாலும் சரி, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. எவ்வளவு நாள் தங்கினாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டோம். வர முடியாவிட்டால் சொல், வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா கூப்பிட்டால் போனை எடு.

அன்புடன்,
அப்பா