சுத்தியல் அடித்த வெள்ளி

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாள் குனிந்து எதையும் தூக்காதே.

பெரியவன் ஸ்பெயினிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பழைய வெள்ளிக்காசு கொண்டுவந்தான். எட்டு ரியால், அந்தக் கால ஸ்பெயின் நாணயம். வட்டமே இல்லை, ஒரு பக்கம் சப்பை, ஓரத்தில் விரிசல். வீட்டில் எல்லாரும் உடைந்த காசு என்கிறார்கள். எனக்கோ அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அப்போது ஸ்பெயின் ஆண்ட, இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசியில் அடித்தது. அங்கே வெள்ளிமலை தெரியவந்தது 1545இல், அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தில், காசு அடிக்கத் தொடங்கியது 1574இல். வெள்ளியை வார்த்துத் துண்டு போட்டு, எடை மிஞ்சினால் ஓரத்தைக் கத்திரியால் நறுக்குவார்கள். அப்புறம் இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். சுமார் 27 கிராம் இருந்தால் போதும், உருவம் எப்படி இருந்தாலும் காசு காசுதான்.

என் காசில் கடல் அலை மேல் இரண்டு தூண்கள். நடுவில் 63, அதாவது 1663. பக்கத்தில் ‘ஈ’ என்ற லத்தீன் எழுத்து, மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, பார்த்த எர்குவேத்தாவின் அடையாளம். ஆண்டும் இந்த எழுத்தும் ஒரே காசில் மும்மூன்று இடத்தில் வரும்படி அச்சு வெட்டியிருக்கிறார்கள். அடி எப்படிக் கோணினாலும் ஓரிடத்திலாவது விழுந்துவிடும் அல்லவா?

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் உண்டு. 1640களில் அங்கே வெள்ளியில் செம்பை அதிகம் கலந்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பொட்டோசிக் காசு என்றாலே வாங்க மறுத்தார்கள். ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். வெள்ளி வியாபாரி ரோச்சாவுக்கும், மாற்றுப் பார்த்த ராமிரெஸ் தே அரெய்யானோவுக்கும் மரண தண்டனை. 1652இல் இந்தத் தூண் அச்சு வந்தது. அதற்குப் பிறகு தன் எழுத்தைப் பொறித்தவர் எவ்வளவு பயந்து பொறித்திருப்பார்!

ஆனால் சுத்தியல் பிடித்தவரின் எழுத்து எங்குமே இல்லை, சுந்தரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களும் அந்த அக்கசாலையில் உழைத்தார்கள். சுரங்கத்துக்கோ மலைக்கிராமங்களிலிருந்து ஏழில் ஒரு ஆண் முறைவைத்துப் போயாக வேண்டும். விரிசலைத் தடவும்போதெல்லாம் அவர்கள் நினைவுதான் வருகிறது.

பொங்கலுக்கு வருகிறேன், காசையும் லென்ஸையும் எடுத்து வருகிறேன். அதற்குள் உன் கண் நன்றாகத் தெளிந்துவிடும். அந்த மூன்று எழுத்தையும் நீயே தேடிக் கண்டுபிடி.

அன்புடன்,
ராமு