ஒன்றேகால் மணி நேரத் தூரம்

ஹுல்ஹுமாலே, மாலத்தீவு,
மாசி மாதம்.

அன்புள்ள அம்மா,

நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்தது என் தப்புதான். இரவு வேலை முடிந்து வந்தால் பேனாவைத் தொடக் கை வருவதில்லை.

"கூப்பிட்டால் எத்தனை மணியில் வந்து சேருவாய்?" என்று கேட்டிருந்தாய். ஆச்சியை நினைத்துத்தான் கேட்கிறாய். திருவனந்தபுரத்திலிருந்து இங்கே தலைநகர் மாலே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ஓடுகிறதே, அதைவிடச் சற்றுக் குறைவு. விமானத்தில் ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். இங்கே கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். பத்து மணிக்கு ஏறினால் பதினொன்று அடிக்கும் முன்பே இறங்கிவிடலாம். ஊருக்கு வரும்போதோ அந்த அரை மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் பொதிகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு, அம்பையிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலையைச் சுற்றித்தானே வரவேண்டும்? அதற்கே நாலு மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி முன்னால் போய் நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். ஆச்சி போன அன்று அண்ணன் பேசியது இரவில். டிக்கெட் கிடைத்தது மறுநாள் மத்தியானம். நான் வந்தபோது வாசல் கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருந்தது. அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை, அம்மா.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி விடியுமுன் தேங்காய் துருவத் தொடங்கிவிடுவாள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தால் அது மாஸ் ஹுனி. ரொஷி என்ற ரொட்டியோடு கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். நம் மாசிக் கருவாடு இந்த மீன்தான். படகுக்கும் இவர்கள் தோணி என்றே சொல்கிறார்கள். முதல்முறை கேட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எந்த விமானம் தாழ்ந்து வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, "இந்தியா" என்று காட்டுவாள். நானும் அது மறையும்வரை பார்ப்பேன்.

குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். எத்தனை குடம் ஊற்றினாலும் ஆற்றில் ஒரு முங்கு போட்டதாகாது. படித்துறையில் நீ என் தலையைத் துவட்டுவதாக நேற்றுக் கனவு.

சீட்டுப் பணம் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் வரும். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. என் வளையலை வைகாசியில் மீட்டால் போதும். பிசான நெல்லை அண்ணன் களத்திலேயே தள்ளிவிட வேண்டாம். விதைக்கு இரண்டு மூட்டை எடுத்து வைக்கச் சொல். மதினியைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போய் வா, தள்ளிப் போடாதே. பங்குனி உத்திரத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கும்போது என் பேருக்கும் ஒரு பிடி அரிசி போடு.

உன் மகள்