பாண்டியை அனுப்பப்போவதில்லை

அன்புள்ள மாலதி,

கடிதமும் கல்யாணப் படங்களும் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை கொஞ்சம் வெட்கப்படுகிற ஆள் போலிருக்கிறது, நல்லதுதான். அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விடச் சொல்லாதே.

இனி பாண்டி விஷயம். "வீட்டில் சின்னப் பையன் இருக்கும்போது அந்த நாய் எதற்கு, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று எழுதியிருந்தாய். கவலை நியாயம். தீர்ப்புதான் தப்பு.

பாண்டி கால்கோ ஜாதி, மெலிந்த வேட்டை நாய். தெற்கு ஸ்பெயினில் முயல் வேட்டைப் பருவம் பிப்ரவரி வாக்கில் முடிந்ததும் ஓட முடியாத நாய்களை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காப்பகத்திலிருந்து கூட்டிவந்தபோது கண்ணைச் சுற்றி முடி கொட்டியிருந்தது, காது விளிம்பில் பொருக்கு, நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. டாக்டர் பின்னங்கால் மடிப்பில் நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்த்த உடனேயே முகம் மாறிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணிக் கிருமி நோய் உறுதியானது. இங்கே ஸ்பெயினில் நாய் வளர்க்கிறவர்கள் இந்தப் பெயரைச் சர்க்கரை வியாதி மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

முதல் மாதம் தினமும் தோலுக்கடியில் ஆன்டிமனி மருந்து ஊசி. ஊசிக்கு அது அழாது, என் கணவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் காலையும் மாலையும் அலோப்யூரினால். ஆமாம், உன் அப்பா கால் பெருவிரல் வீக்கத்துக்குப் போடுவாரே, அதே மாத்திரை. இங்கே மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே வாங்குகிறோம். அதைத் தின்னும் நாய்க்குச் சிறுநீரில் கல் சேரும் என்பதால் ஈரல் கொடுக்கக் கூடாது. பாண்டிக்கு உயிரே ஈரல்தான், பாவம். நோய் வேரோடு போகாது, அடக்கித்தான் வைக்க முடியும். இந்த நோயில் நாய் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டுத்தான் சாகும், அதனால் அவ்வப்போது சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள்.

நக்கினாலோ கடித்தாலோ பையனுக்கு ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை இது. நடுவில் மணல் ஈ வேண்டும். பெயரைக் கேட்டு மெரினாவை நினைக்காதே. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பெல்லாம் மயிர், உட்காரும்போது சிறகை மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். ரீங்காரம் கிடையாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். தேங்கின தண்ணீரில் முட்டையிடாது. சுவர் விரிசல், எலி வளை, சருகு மக்கிய ஈர மண், இவைதான் அதன் பிரசவ அறை. கடிப்பது பெண் மட்டும், அந்தி சாய்ந்த பிறகு. நோயுள்ள இரத்தத்தைக் குடித்த ஈயின் குடலில் கிருமி பெருகி, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து வழியை அடைத்துவிடும். ஈயால் ஒழுங்காக உறிஞ்ச முடியாது. பசியில் திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒவ்வொரு கடியிலும் கொஞ்சம் கிருமியை உள்ளே கக்கிவிட்டுப் போகும். கிருமி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறது பார்.

நாய் இந்த ஊர்களில் கிருமியின் முக்கியமான இருப்பிடம் என்பதை நான் மறுக்கவில்லை. 1908லேயே துனிஸ் நகரத்தில் நிக்கோல் என்ற மருத்துவர் நாய்களில் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எப்போதும் நாய்தான் குற்றவாளியா? எங்கள் பக்கத்து ஊர் ஃபுவென்லாப்ராதா. 2009 முதல் அங்கே மனிதர்களுக்கு இந்த நோய் கொத்துக்கொத்தாக வந்தது, 2012 முடிவதற்குள் நானூறுக்கும் மேல். எல்லோரும் முதலில் நாயைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள், இல்லையா? பார்த்தால் நாய்களிடம் நோய் அதிகரிக்கவே இல்லை. பிடித்த ஈக்களின் வயிற்றில் இருந்தது பெரும்பாலும் முயல், காட்டுமுயல் இரத்தம். புதிதாகப் போட்ட பெரிய பூங்கா, சுற்றிலும் நெடுஞ்சாலை, அடித்துத் தின்ன மிருகம் எதுவும் இல்லை, முயல்கள் இஷ்டத்துக்குப் பெருகிவிட்டன. பூங்கா போட்டது மனிதர்கள்தான்.

பிரேசிலில் பரிசோதனையில் தெரிந்த நாய்களையெல்லாம் பல வருஷம் கொன்று பார்த்தார்கள். மனித நோய் குறைந்தபாடில்லை. ஒரு நாயைக் கொண்டுபோனால் அடுத்த வாரமே இன்னொரு குட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது, அதையும் ஈ கடிக்கிறது. பிற்பாடு அரசே டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து ஊறிய கழுத்துப்பட்டைகளை நாய்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. பாண்டியின் கழுத்திலும் அதுதான். அந்தப் பட்டை இருக்கிறவரை ஈ அதனிடம் நெருங்குவது அரிது. நெருங்கினாலும் பிழைப்பது கஷ்டம். நீ சொல்கிறபடி பாண்டியைத் துரத்தினால், பட்டை இல்லாத தெருநாயாக அது ஊர் ஈக்களுக்கெல்லாம் கிருமி கொடுத்துக்கொண்டிருக்கும்.

நம் நாட்டில் இதே இனக் கிருமியால் மனிதர்களுக்கு வரும் காலா அசார் காய்ச்சலுக்கு நாயே தேவையில்லை. பீகாரில் மனிதனிடமிருந்து மனிதனுக்கே ஈ கடத்துகிறது. 1992ல் நாட்டில் 77 ஆயிரம் பேருக்கு வந்த நோய் அது, இப்போது வருஷத்துக்குச் சில நூறுதான். இன்னொன்று தெரியுமா? நீ தினமும் சென்ட்ரல் எதிரே கடக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான் 1903ல் டோனவன் என்ற ஐரிஷ் டாக்டர் நோயாளிகளின் மண்ணீரலில் இந்தக் கிருமியைப் பார்த்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் லீஷ்மனும் இதைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று ரொனால்ட் ராஸ் பெயர் வைத்தார். அப்புறம் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி இந்த நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைச் செய்தார், அதுவும் ஆன்டிமனி மருந்துதான். எவ்வளவோ பேர் அதனால் பிழைத்தார்கள்.

பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் கிருமி உள்ளே போனாலும் நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பயப்பட வேண்டியவர்கள் கைக்குழந்தைகள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். பையனுக்கு ஏழு வயது, திடகாத்திரம். ஆனாலும் வாரக்கணக்கில் காய்ச்சல் விடாமல் வயிறு உப்பினால் டாக்டரிடம் முதலில் லீஷ்மேனியாவைத்தான் சொல்லுவேன். ஜன்னலுக்குப் பொடிக்கண் வலை போட்டாயிற்று, பாண்டி இரவில் வீட்டுக்குள்தான் படுக்கிறது.

நீ செப்டம்பரில் வருவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஈக்களின் காலம் அப்போதும் முடிந்திருக்காது, சாயங்காலம் பூங்காவில் அரட்டை அடிக்க முழுக்கைச் சட்டை கொண்டு வா. அத்தை கையால் அரைத்த சாம்பார்ப்பொடி ஒரு கிலோ, நன்றாக ஒட்டி. பாண்டிக்கு ஒன்றும் வேண்டாம், ஈரல் பிஸ்கட் வாங்கி வந்தால் என்னிடம் திட்டு வாங்குவாய்.

அன்புடன்,
கலா
ஹெத்தாஃபே, ஜூன் மாதம்