இரண்டு சிஸ்டம், ஒரே பேட்டரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் எல்லாரும் நலம். சின்னவள் இந்த வருடம் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, நீ வாங்கப்போகும் மடிக்கணினி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம், அதாவது இரண்டு இயங்குதளம், வேண்டும் என்கிறாய். பகலில் பள்ளி வேலைக்கு விண்டோஸ், இரவில் நீ புதிதாகப் படிக்கும் புரோகிராமிங்குக்கு லினக்ஸ். சார்ஜரைத் தூக்காமல் இரண்டும் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும், அவ்வளவுதானே? நடக்கும். ஆனால் கடைக்காரர் காட்டும் "18 மணி நேரம்" ஸ்டிக்கரை நம்பிப் பணத்தை எடுக்காதே. அது பெரும்பாலும் விண்டோஸில், திரை வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்கு. அதே மெஷின் லினக்ஸில் எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லாது. இரண்டு சிஸ்டம் வைப்பவனுக்கு மோசமாக ஓடும் சிஸ்டத்தின் நேரம்தான் உண்மையான நேரம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு, தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு மெஷின் வாங்கினேன். விண்டோஸில் குறை சொல்ல முடியாது. தேவையில்லாத நேரத்தில் அந்தக் கார்டு தானாக அணைந்துவிடும். லினக்ஸில் நான் எதையும் சரிசெய்யாததால் அது நாள் முழுக்க விழித்தே இருந்தது. கேஎல் சென்ட்ரலில் பட்டர்வொர்த் ரயில் ஏறி வேலையை ஆரம்பித்தால், ஈப்போ வருவதற்குள் பேட்டரி கால்வாசிதான் மிச்சம். மூடிப் பையில் வைத்தேன். பட்டர்வொர்த்தில் இறங்கும்போது பை இட்லிச்சட்டி மாதிரி சுட்டது, மெஷின் செத்துக் கிடந்தது. உன்னைப் பார்க்க வந்த அன்று கட்டுரையைக் காட்ட முடியாமல் போனதே, அது இதனால்தான்.

கணக்கு ரொம்ப எளிது. பேட்டரியின் அளவை வாட்-மணியில் போட்டிருப்பார்கள். 57 வாட்-மணி உள்ள மெஷின் 5 வாட் இழுத்தால் 11 மணி நேரம் தாங்கும். 15 வாட் இழுத்தால் 4 மணி நேரம்கூட வராது. அதனால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். உன் வேலைக்கு அது தேவையும் இல்லை. 4கே எனும் மிக நுண்ணிய திரையும் வேண்டாம், அதுவும் கூடுதலாக இழுக்கும். அந்தப் பணத்தில் பெரிய பேட்டரி வாங்கு.

அடுத்தது தூக்கம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பழைய மெஷின்களில் மூடியை மூடினால் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போது வரும் பல மெஷின்கள் கைப்பேசி மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. அந்த அரைத்தூக்கத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவியும் அடங்க வேண்டும். ஒன்று அடம்பிடித்தாலும் பிராசஸர் ஆழ்ந்து தூங்காது, பைக்குள்ளேயே சூடாகும். சில லெனோவோ திங்க்பேட் மாடல்களின் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) பழைய வகைத் தூக்கத்தை லினக்ஸுக்கென்று தேர்ந்தெடுக்க முடியும். அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

ஆப்பிள் பற்றிக் கேட்டிருந்தாய். பேட்டரி அருமைதான். ஆனால் 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததோடு, மேக்கில் விண்டோஸ் ஏற்ற உதவிய பூட்கேம்ப் அந்த மெஷின்களில் போய்விட்டது, அதில் விண்டோஸை நேரடியாக ஏற்ற முடியாது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள மெஷின்களும் விண்டோஸில் நன்றாகத் தாங்கும், ஆனால் லினக்ஸ் அவற்றில் இன்டெல், ஏஎம்டி சிப் மெஷின்கள் அளவுக்குப் பக்குவப்படவில்லை. உனக்கு ஏஎம்டி அல்லது இன்டெல், அதிலும் அப்போதுதான் வெளிவந்த மாடலை விடக் கொஞ்சம் பழையதாகப் பார். லினக்ஸ் அதற்குள் அதைப் பழகியிருக்கும். உன்னிடம் இருக்கும் 4,000 வெள்ளி (ரிங்கிட்) தாராளமாகப் போதும். கோலாலம்பூரின் லோயாட் கணினிக் கடைவளாகத்தில் பயன்படுத்திய அலுவலக மெஷின்களும் கிடைக்கும். அப்படி வாங்கினால் விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார். முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புவதும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓட்டினால் என்ன என்று நினைப்பாய். மின்சாரம் இருக்கும் இடத்தில் அது வசதிதான். ஆனால் சார்ஜர் இல்லாமல் ஃபெர்ரியில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு சிஸ்டமும் சேர்ந்து ஒரே பேட்டரியைக் குடிக்கும். உனக்கு ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டத்தை மட்டும் தொடங்குவதே (பூட் செய்வதே) நல்லது.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். லினக்ஸை நிறுவும் முன், விண்டோஸை முழுதாக அணைக்காமல் வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடு. விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்னால் போய் நிற்கும், பயந்துவிடாதே. லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் மலேசிய நேரத்தையும் மெஷினுக்குள் எழுதுவதால் வருவது அது. ஒரு கட்டளையில் சரியாகும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடு. நம் ஊர் வெயிலில் முழுதாக நிரம்பியே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். காரில் மட்டும் விட்டு வைக்காதே.

பள்ளி விடுமுறையில் நான் பினாங்கு வருகிறேன், அதுவரை வாங்காதே. உபுண்டு என்ற லினக்ஸ் ஏற்றிய யுஎஸ்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. கடையில் கேட்டு அதை மாட்டி, சார்ஜரைக் கழற்றி, மின் இழுப்பைக் காட்டும் பவர்டாப் நிரலில் எத்தனை வாட் என்று பத்து நிமிடம் பார்ப்போம். மூடித் திறந்தும் பார்ப்போம். சம்மதிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவோம். சனிக்கிழமை காலை ஃபெர்ரி இறங்கும் இடத்தில் நில். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்